கீழ்வீட்டு அக்காவும் பதினேழு நாட்களும்

1984 ஜூலை 3, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். நகராட்சித் தண்ணீர் 5.35க்கு வந்து 6.15க்கு நின்றது; ஏழு குடம் பிடித்தேன். சவரம் செய்தேன். இரண்டு சட்டைகளைத் துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். 6.40க்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கீழ்வீட்டு அக்காவும் அவர் கணவரும் மகள் சுமதியும் மெட்ராஸ் ரயிலிலிருந்து வந்து இறங்கினார்கள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்குக் குடுத்துட்டாங்க தம்பி" என்றார். உள்ளே போய்விட்டார்.

அமெரிக்க விசாவுக்குப் போயிருந்தவர்கள் மூன்று பேர். யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அந்தப் பதினேழு நாள் கணக்கைப் போட்டுச் சொன்னவனே நான்தான். 9.25க்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அன்று பதினொரு பக்கம் தட்டச்சு செய்தேன், நான்கு இடத்தில் பிழை. எனக்கு அது அதிகம்.

அஸ்தம்பட்டியில் அவர்கள் வீட்டு மாடியறையில் 1975 ஜூன் முதல் 1986 மார்ச் வரை குடியிருந்தேன். அவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காட்டுக்கார விவசாயக் குடும்பம். தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடும் பட்டறை வைப்பதற்காகச் சேலம் வந்தவர்கள். பிள்ளை ஒன்றே ஒன்று, சுமதி. அக்காவுக்கு நான் குடிபோன அன்று முப்பத்தைந்து வயதிருக்கும். உயரமானவர், நடை வேகம். பேச்சும் வேகம்தான், நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பல நேரங்களில் அது நாம் கேட்க நினைத்த கேள்விக்கான பதிலாக இருக்காது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே விஷயம்தான் உண்டு. எதையும் நேரத்துக்கு முன்னால் செய்துவிடுவார். சாமியறைக்குப் பக்கத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றன்றைய தாளை அன்று மாலை விளக்கேற்றும்போதே கிழித்து, மறுநாள் தேதியைக் காட்டவைத்துவிடுவார். நான் அங்கே குடிபோன புதிதில் அந்தக் காலண்டரைப் பார்த்து நாட்குறிப்பில் தேதி போட்டுவிட்டு, ஒரு வாரம் முழுவதையும் அடித்துத் திருத்தி எழுதினேன். "நாளைக்கு எப்படியும் வரத்தானே போவுது" என்றார். அதற்குமேல் நானே தனியாக ஒரு காலண்டர் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நாமக்கல்லுக்கு ஆறரை மணி பஸ் என்றால் ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். அதற்கு முந்தைய பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும், அதில் ஏறிவிடுவார். அங்கே அவரை அழைத்துப்போக வருகிற உறவுக்காரர் ஆறரை மணி பஸ்ஸை எதிர்பார்த்து ஸ்டாண்டுக்கு வரும்போது, இவர் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து இருக்கைகளில் துண்டையும் பையையும் போட்டு இடம் பிடித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கணவரைக் கூப்பிடுவார். அவரோ டீக்கடையில் நின்றபடி "வாரேன் வாரேன்" என்பார். அவர் சொல்லும் வாரேனுக்கும் வருகைக்கும் நடுவில் பத்து நிமிஷம் உண்டு. இருபது வருஷம் இப்படியே குடும்பம் நடத்தினார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை.

ஒருமுறை ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மண்டபத்தில் நுழைந்து, மணமக்களுக்கு அட்சதை போட்டு, போட்டோவுக்கு நின்று, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் வந்தபிறகுதான் பக்கத்து இலைக்காரம்மா, பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். அன்று அதே மண்டபத்தில் இரண்டு கல்யாணம்; அது முதல் முகூர்த்தம். இவர் வரவேண்டியது பத்தரை மணி முகூர்த்தம். முந்தைய குடும்பத்தின் கல்யாண ஆல்பத்தில் அக்கா இன்றைக்கும் மணப்பெண்ணுக்கு இடதுபக்கம் நிற்கிறார். அதில் அவருக்கு வருத்தமில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்றுதான் வந்து சொன்னார்.

இன்னொரு முறை, பட்டறைக்கு எதிர்க்கடைப் பெரியவர் ஆஸ்பத்திரியில் முடியாமல் கிடக்கிறார் என்று செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்து அக்கா மாலையோடு துக்கம் கேட்கக் கிளம்பிப் போனார். கதவைத் திறந்தவர் அந்தப் பெரியவரேதான். மாலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். மாலை வீணாகக்கூடாது என்று வழியில் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டார். பெரியவர் அதற்குப் பிறகு ஆறு வருஷம் நன்றாக இருந்தார்.

அக்காவின் தம்பி அமெரிக்காவில் இருந்தார். 1976-இல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதும் முதல் வேலையாக அக்காவுக்காக மனுப் போட்டார். மனு அக்காவின் பெயரில். கணவரும் பிள்ளையும் அவரோடு போகலாம். முறை வருவதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்று தம்பி தெளிவாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டியவன் நான். வருஷக்கணக்கு என்ற பகுதியை இரண்டு முறை வாசித்தேன். பயனில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய் மூன்று கம்பளி ஸ்வெட்டர் வாங்கிவந்தார். உடம்பு பழக வேண்டுமாம். சேலத்து ஏப்ரல் மாதத்தில், மாலை ஐந்து முதல் ஆறு வரை, மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் கணவர் பட்டறையிலிருந்து ஏழு மணிக்குமேல்தான் திரும்பினார். அதற்குப் பிறகு சுமதியும் டியூஷன் வைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் அந்த மாதம் முழுவதும் தனியாகப் பழகினார்.

கல்யாணமான பிள்ளைக்கு விசா இல்லை என்று தெரிந்ததும், சுமதிக்குப் பதின்மூன்று வயதாகும் முன்பே, ஊரிலிருந்த தரகர்கள் எல்லோரிடமும் எங்கள் வீட்டுக்கு ஜாதகம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி வைத்தார். யாரும் அதுவரை கொண்டுவந்திருக்கவில்லை.

1983 நவம்பரில் விசா ஆபீசிலிருந்து பெரிய உறை வந்தது. முறை நெருங்கிவிட்டது, இந்தப் படிவங்களை நிரப்பி, இன்னின்ன சான்றுகளைச் சேர்த்து அனுப்பவும் என்றிருந்தது. தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. பிள்ளைகள் இருபத்தொரு வயது முடியாதவர்களாக இருக்க வேண்டும், அதுவும் விசா கையில் கொடுக்கும் நாளில், என்று ஒரு வரி. சுமதியின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திறந்தேன். பிறந்த தேதி 15-6-1963. அடுத்த ஜூன் 15-இல் இருபத்தொன்று முடிகிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அது பள்ளிக்கூடத்துப் பொறப்புங்க தம்பி. நெசப் பொறப்பு வேற."

கதை இதுதான். சுமதி உண்மையில் பிறந்தது 1964 ஆகஸ்ட் 9. ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. அதுவரைக்கும் அக்காவால் பொறுத்திருக்க முடியவில்லை. 1968 ஜூனில், நான்கு வயதுகூட முடியாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஐந்து முடிந்துவிட்டது என்று ஒரு தேதியைச் சொன்னார். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்று கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்கள். மூன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்குக் கை எட்டாது. அதற்காக மே மாதம் முழுவதும் காலையிலும் மாலையிலும் பயிற்சி கொடுத்திருக்கிறார்: தலையை இப்படிச் சாய்க்க வேண்டும், தோளை இப்படித் தூக்க வேண்டும், ஐயா பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் பார்த்தபோது சுமதி ஒரு கையால் அல்ல, இரண்டு கைகளாலும் தொட்டுக் காட்டினாளாம். பள்ளி முடியும்வரை வகுப்பில் அவள்தான் குள்ளம். எல்லா வகுப்பிலும் முதல் பெஞ்சு.

அக்காவுக்கு இதைச் சொல்வதில் பெருமைதான். நான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே தேதி. ஊரில் எல்லோரும் பிள்ளையின் வயதைக் குறைத்துக் காட்டக் காகிதம் தேடிக்கொண்டு அலைவார்கள். இவர்களுக்கு உண்மையான வயதே குறைவு. ஆனால் காகிதம் இல்லை. ஜாதக நோட்டு இருந்தது. ஜாதக நோட்டை விசா ஆபீசில் ஒரு காகிதமாகக்கூட மதிக்கமாட்டார்கள்.

பிறப்புச் சான்று வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். என்ன தேதி வேண்டுமோ சொல்லுங்கள், பழைய மையிலேயே எழுதித் தருகிறேன் என்றார். அக்கா அவரை நிற்கவைத்தே பேசி அனுப்பினார். "நெசத்துக்கு எதுக்குங்க போலிக் காயிதம்? நெசமே அங்க இருக்குமில்ல" என்றார். இருக்கும் என்று நானும் நம்பினேன். பிரசவம் அவருடைய அப்பா ஊரில் நடந்தது. அந்த ஊர் பள்ளிபாளையத்திலிருந்து நாலு மைல். அந்த நாளில் கிராம முன்சீப்தான் பிறப்பு இறப்புப் பதிவேடு வைத்திருப்பார். முன்சீப் பதவியை அரசு ஒழித்த பிறகு பதிவேடுகள் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டன.

1984 ஜனவரி 19, வியாழக்கிழமை, ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவோடு திருச்செங்கோடு போனேன். ஆபீஸ் திறப்பது பத்து மணி. நாங்கள் 8.20க்கு வாசலில் நின்றோம். வாட்ச்மேன் எங்களைப் பக்கத்து ஊர் நிலத் தகராறுக்கு வந்தவர்கள் என்று நினைத்து, பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று புத்தி சொன்னார். பதினொன்றரைக்கு குமாஸ்தா தூசி தட்டிப் பதிவேட்டைப் பிரித்தார். இருந்தது. அக்கா பெயர், அவர் கணவர் பெயர், ஊர், எல்லாம் சரி. தேதி 8-8-1964. ஒருநாள் முந்தி, பரவாயில்லை. அடுத்த கட்டத்தில், ஆண் அல்லது பெண் என்ற இடத்தில், அழகான எழுத்தில் "ஆண்" என்று இருந்தது.

குமாஸ்தா எங்களைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். தகவல் கொடுத்தவர் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்த அக்கா, "அப்பா" என்றார்.

அங்கிருந்து நேராக அக்காவின் அப்பா ஊருக்குப் போனோம். எழுபத்தெட்டு வயதிலும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மகளுக்கு வலி எடுத்த அன்று, முன்சீப் மறுநாள் வெளியூர் போகிறவராக இருந்தார். திரும்பிவர ஒரு வாரம் ஆகும். வலி எடுத்துவிட்டால் பிறந்த மாதிரிதானே என்று இவர் நேரே போய் எழுதவைத்துவிட்டார். தலைப்பிள்ளை பையன்தான் என்று அவருக்கு உறுதியாம். அதனால் ஆண் என்றே சொல்லியிருக்கிறார். மறுநாள் மத்தியானம் பிறந்தது சுமதி.

"அப்பறமாப் போயி மாத்தி எழுதியிருக்கலாமில்லீங்கப்பா?" என்று அக்கா கேட்டார்.

"நா எழுதச் சொன்னது சரிதான் அம்மிணி" என்றார் பெரியவர். "அவதான் மாறி வந்துட்டா."

திரும்பும் பஸ்ஸில் சங்ககிரி தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். எங்கப்பாவுக்கு எதுக்கும் ஒரு பொறுமை கிடையாது தம்பி, என்றார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டேன்.

இருந்த காகிதங்களோடு படிவங்களை அனுப்பினோம். ஜூன் 15க்குள் நேர்காணல் வந்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை என்பது என் கணக்கு. வந்திருக்கும். கணவருடைய போலீஸ் நற்சான்று மட்டும் பாக்கி இருந்தது. ஸ்டேஷனுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் வேலை. அவர் "போறேன் போறேன்" என்று ஐந்து வாரம் கழித்துப் போனார். நேர்காணல் ஜூலை 2 என்று வந்தது. பள்ளிக்கூடத்துப் பிறப்பின்படி பதினேழு நாள் தாமதம். நிஜப் பிறப்பின்படி பதின்மூன்று மாதம் மிச்சம்.

ஜூலை 3 மாலை 6.15க்குக் கீழே போனேன். முன்வாசலில் நாற்காலிகள் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸில் நடந்ததைச் சுமதிதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதிகாரி வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு அம்மாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பதிவேட்டு நகலையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். 1963-இல் ஒரு பெண், 1964-இல் ஒரு பையன். அந்தப் பையனை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டாராம். அவனுக்கு வயது சரியாக இருக்கிறதே, விசா கொடுக்கலாமே என்றாராம். அக்கா காது தொட்ட கதையிலிருந்து அப்பா கதை வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்த்த அம்மாள் பாதியில் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்திருக்கிறார். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாராம். ஆனால் தாய் வாயால் சொல்வதைவிட அரசாங்கம் எழுதியதைத்தான் அவர் எடுத்துக்கொள்ள முடியும். அரசாங்கம் எழுதிய இரண்டில் எதிலும் இந்தப் பெண்ணுக்கு இடமில்லை.

"இல்லாத எந்தம்பிக்கு விசா உண்டுங்க அண்ணா" என்றாள் சுமதி. "எனக்குத்தான் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு விசாவுக்கும் நான்கு மாதம்தான் தவணை. அதற்குள் போய் இறங்காவிட்டால் அவையும் போய்விடும். கணவர் ஒரு வழி சொன்னார். சுமதியைப் பள்ளிபாளையத்தில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவது; அமெரிக்கா போனபிறகு மகளுக்காக மனுப் போடுவது. அப்படிச் செய்யலாமா என்று என்னைக் கேட்டார்கள். விதிகளை எடுத்துவந்து வாசித்தேன். செய்யலாம். ஆனால் முறை வரும்வரை அவள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. முறை எப்போது வரும் என்பது எழுதப்படவில்லை.

"நீங்க போங்கம்மா" என்றாள் சுமதி. "மாமா எட்டு வருசமாக் காத்துட்டு இருக்கறாரு. நா அத்தை ஊட்டுல இருந்து எம்.எஸ்சி. முடிச்சுக்கறேன்." சொல்லும்போது செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா பேசவில்லை. வழக்கமாக நாம் வாயைத் திறக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுகிறவர். என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது. அந்த வீட்டில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கணவருக்கும் அது தாங்கவில்லை.

"நாந்தான் அந்தப் போலீஸ் காயிதத்துக்கு ஒரு மாசம் இழுத்துட்டேன் அம்மிணி" என்றார்.

"நீங்க இழுத்தது ஒரு மாசமுங்க. நா தள்ளுனது பதினாலு மாசம்" என்றார் அக்கா. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "பஸ்ஸுல மொதல்ல ஏறித் துண்டு போட்டு எடம் புடிக்கறது எதுக்குச் சாமி? பின்னால வர்றவிய உக்காரத்தான். நீ ஏறலீன்னா எனக்கு அங்க என்ன வேல? இந்தப் பஸ்ஸு போகட்டும்."

சுமதி வேண்டாமென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நிஜப் பிறப்பைக் கோர்ட்டில் போட்டு நிரூபிக்கலாம், பெரியவரைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று நான் சொன்னேன். செய்யலாம் என்று தலையாட்டினார்கள்.

"அடுத்த பஸ்ஸு எப்பவாம்?" என்று கணவர் கேட்டார். கிண்டலாகக் கேட்க நினைத்து, குரல் வேறு மாதிரி வந்தது.

"தெரியாதுங்க" என்றார் அக்கா.

ஒரு பஸ்ஸின் நேரம் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. 7.05க்கு மாடிக்கு வந்தேன். சாதம், ரசம், சுட்ட அப்பளம். நாட்குறிப்பில் அன்று நடந்ததை எழுதிவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

ஜூலை 4, புதன்கிழமை. 5.10க்கு எழுந்தேன். கீழே விளக்கு எரியவில்லை. 5.50க்குப் பால்காரர் வந்து மணியடித்தார். தினமும் அவருடைய சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே அக்கா பாத்திரத்தோடு வாசலில் நிற்பார். ஒன்பது வருஷத்தில் பால்காரர் மணியடித்து நான் கேட்டதில்லை. அவருக்கும் குழப்பமாகிவிட்டது, மாடியைப் பார்த்து, ஊருக்குப் போய்விட்டார்களா என்று கையால் கேட்டார். படியில் பாதி இறங்கிப் பார்த்தேன்; கீழ்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அக்கா கூடத்துப் பாயில் சுமதிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மணியடிக்க வேண்டாம் என்று பால்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டே மீதிப் படிகளையும் இறங்கினேன். அவர்களுடைய ஒரு லிட்டர் பாலை என் பாத்திரத்தில் வாங்கி, தட்டுப் போட்டு மூடி, பூனைக்காக அதன்மேல் ஒரு செங்கல்லும் வைத்து, கதவோரமாக வைத்துவிட்டு வந்தேன்.